மூன்றடி வயரும் ஒரு வாளித் தண்ணீரும்

என் மனைவியின் ஸ்டூடியோவில் போன வாரம் புதிதாக இரண்டு படங்கள் மாட்டப்பட்டன.

ஒன்றில், கறுத்த வானத்தில் ஒரு சிவப்புப் பூ. அதற்குள்ளிருந்து விரியும் இன்னொரு வெள்ளிப் பூ. மற்றதில், ஒரு மனிதர் முகத்தைச் சுளித்துக்கொண்டு உங்களை நோக்கி ஒரு வாளித் தண்ணீரைச் சாய்க்கிறார். பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் இந்த இரண்டாவது படத்தைப் பார்த்து ஓர் அடி பின்னால் நகர்கிறார்கள். பிறகு, "யாருக்கா இவரு?" என்று கேட்கிறார்கள்.

செண்பகவல்லி - அதுதான் என் மனைவி - ஒவ்வொரு தடவையும் கதையை முதலிலிருந்து சொல்கிறாள். அந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பெருமைப்படும்படியான பங்கு இல்லை. அவள் வாயால் சிவகாசி முழுக்கப் பரவுவதற்கு முன் நானே உங்களிடம் சொல்லிவிடுவது கௌரவம், இல்லையா?

செண்பகம் முப்பது வருஷமாகக் கேமரா பிடிக்கிறவள். கல்யாண வீடு, காதுகுத்து எல்லாம் உண்டு என்றாலும் அவளுடைய பெயர் நின்றது லேபிள் படங்களில். பட்டாசுப் பெட்டிகளின் மேல் ஒட்டுகிறார்களே, அந்தப் படங்கள்.

எங்கள் ஊர் லேபிளைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெட்டிக்கு மேலே இருக்கும் படத்துக்கும் உள்ளே இருக்கும் சரக்குக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. புஸ்வாணப் பெட்டியில் கிளி இருக்கும். சங்குசக்கரப் பெட்டியில் அருவி கொட்டும். எங்கள் தெருவில் ஒரு குழந்தை, செண்பகம் எடுத்த படத்தில், மூன்று தீபாவளிக்கு அணுகுண்டுப் பெட்டியின் மேல் உட்கார்ந்து சிரித்தது. இப்போது அந்தப் பெண் பாங்க்கில் வேலை பார்க்கிறாள். தெருவில் இன்னும் அவளுக்கு 'அணுகுண்டு' என்றுதான் பெயர்.

இதில் யாருக்கும் எந்த வருத்தமும் இருந்ததில்லை. வெடி வாங்குகிறவர் கிளி பறக்கும் என்றா எதிர்பார்க்கிறார்?

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிலிம் போய் டிஜிட்டல் வந்தபோதுகூட அவள் அசரவில்லை. புதுக் கேமராவை வாங்கி, ஒரே வாரத்தில் பழகிக்கொண்டாள். அசர வைத்தது வேறொன்று.

ஆறு மாதத்துக்கு முன்னால் அவளுடைய வலது கை நடுங்கத் தொடங்கியது.

பெரிய நடுக்கம் இல்லை. ஆனால் எதையாவது பிடித்தால் வந்துவிடும். மதுரையில் டாக்டர் பார்த்தார். "சிலருக்கு இந்த வயசுல வர்றதுதான். உயிருக்கு ஒண்ணும் இல்ல. ஆனா முழுசாப் போகாது" என்றார். உயிருக்கு ஒன்றுமில்லை என்று கேட்டு நான் நிம்மதியாகக் கும்பிட்டுவிட்டு எழுந்தேன். அவள் எழவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காபி, டம்ளரில் பாதிதான் வரும். நிறைய ஊற்றினால் சிந்தும்... சிந்தினால் நான் பார்ப்பேன்... பார்த்தால் ஏதாவது சொல்வேன். அதனால் பாதி. நானும் கவனிக்காதவன் மாதிரி இரண்டு தடவை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் நடித்தோம், ரொம்ப மோசமாக.

ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் படம் ஆடிப்போய் வந்தது. இன்னொரு வீட்டில், "அக்கா, நீங்க சிரமப்பட வேணாம், வேற ஆள் சொல்லிருக்கோம்" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அந்த மரியாதையை அவளால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் தாயில்பட்டிப் பக்கம் சின்னதாகப் பட்டாசுக் கம்பெனி நடத்தும் தங்கப்பாண்டி அண்ணாச்சி வந்து சேர்ந்தார். பங்குனி மாதம். அடுத்த சீசனுக்கு லேபிள் அடிக்க ஆரம்பிக்கும் நேரம்.

"புது அயிட்டம் ஒண்ணு போட்டிருக்கோம் தாயீ. மேல போயி செவப்பா ஒரு பூ விரியும். அதுக்குள்ள இருந்து வெள்ளியா இன்னொரு பூ. ஜெய்ப்பூர் வியாபாரி மொத்தமா எடுத்துக்கிடுதேங்கான். ஆனா ஒரு கண்டிசன் போடுதான்... பெட்டி மேல இருக்க படமும் மேல விரியுறதும் ஒண்ணா இருக்கணுமாம். கேட்டீகளா கூத்த!"

நான் சிரித்தேன். செண்பகம் சிரிக்கவில்லை.

"நெசப் படம் வேணும். அம்புட்டுத்தான? எத்தன வெடி இருக்கு அண்ணாச்சி?"

"சாம்பிளுக்கு மூணுதான் கட்டிருக்கு. நாலு நாள்ல பிரஸ்ஸுக்குப் படம் குடுக்கணும். முடியலன்னா சொல்லிருங்க, மதுரையில ஒரு ஆள் இருக்காரு..."

அவர் தவறாகச் சொல்லவில்லை. அவருக்குக் கை விஷயம் தெரியுமா தெரியாதா என்பதும் எங்களுக்குத் தெரியாது. செண்பகம் கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, "நானே எடுக்கேன்" என்றாள்.

அவர் போனதும் என்னிடம் சொன்னாள். "இது சரியா வரலன்னா கடைய மூடிருவோம். இனிமே ஒவ்வொருத்தரா வந்து மரியாத பண்ண வேணாம்."

வாசகர்களுக்கு இங்கே கொஞ்சம் கேமரா பாடம். பயப்பட வேண்டாம், சுருக்கமாக முடித்துவிடுகிறேன். வானவேடிக்கையை எடுக்கக் கேமராவின் கண்ணை ஐந்தாறு விநாடி திறந்தே வைக்க வேண்டும். அப்போதுதான் பூ விரியும் கோடுகள் எல்லாம் படத்தில் விழும். அத்தனை விநாடியும் பட்டனை அமுக்கிய விரலை எடுக்கக் கூடாது. கேமராவும் அசையக் கூடாது. திடமான கைக்கே கஷ்டம்.

இதற்காகவே ஒரு கருவி இருக்கிறது. சோப்பு டப்பா அளவில் ஒரு ரிமோட், அதிலிருந்து மூன்றடி வயர். வயரைக் கேமராவில் செருகிவிட்டால் கேமராவைத் தொடாமலே பட்டனை அமுக்கலாம். அமுக்கி 'லாக்' செய்துவிட்டால் கண் திறந்தபடியே இருக்கும். அது மட்டுமா? இத்தனை நேரம் கழித்து எடு, இத்தனை விநாடி திறந்து வை, இத்தனை விநாடிக்கு ஒரு முறை எடுத்துக்கொண்டே இரு என்று கட்டளையும் போடலாம். மொட்டு மலர்வதையும் மேகம் ஓடுவதையும் அப்படித்தான் எடுக்கிறார்களாம்.

போனில் சொன்னதும், சிங்கப்பூரிலிருக்கும் என் மச்சினன் யார் கையிலோ கொடுத்தனுப்பி, மறுநாளே வந்து சேர்ந்தது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு மேனுவல். எழுத்து எறும்பு சைஸ்.

இந்த இடத்தில்தான் நான் உள்ளே நுழைகிறேன்.

வாரா வாரம் பத்தி எழுதுகிறவன், நாலு எழுத்துப் படித்தவன், மேனுவல் வாசிக்க என்னைவிட்டால் யார்? பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் படித்தேன். "நீ எதையுமே தொட வேண்டாம். டைமர் வெச்சிடறேன். அதுவே எடுத்துக்கும்" என்றேன்.

"எதையுமே தொட வேணாமா?" என்று கேட்டாள்.

"எதையுமே."

அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. முப்பது வருஷம் கேமரா பிடித்த கை. தொட வேண்டாம் என்றதும் சந்தோஷப்படுகிறதே!

கம்பெனிக்குள் பேட்டரி வைத்த எதையும் கொண்டுபோக முடியாது. அதனால் அங்கிருந்து வெகுதூரம் தள்ளி, ஒரு கரிசல் பொட்டலில் ஏற்பாடு. பொழுது சாய்ந்து இருட்டத் தொடங்கியிருந்தது. கேமராவை ஸ்டாண்டில் ஏற்றி வானத்தைப் பார்க்கத் திருப்பினோம். ரிமோட் வயரோடு கீழே தொங்கியது.

வெடிக்க வந்தவர் மாடசாமி. கம்பெனியில் எந்தப் புது அயிட்டம் போட்டாலும் முதலில் வெடித்துப் பார்ப்பது அவர்தான். ஒல்லியான, அதிகம் பேசாத ஆள். இடது கையில் நீளக் குச்சியில் கட்டிய ஊதுபத்தி. காலடியில் எப்போதும் ஒரு வாளித் தண்ணீர். வந்ததுமே எங்களுக்குச் சட்டம் போட்டார்.

"சார், வெடிச்சு முடிஞ்சும் அஞ்சு நிமிசம் யாரும் நகரக் கூடாது. நான் ஒரு சுத்து வந்து, செவப்பா ஏதும் கெடந்தா தண்ணி ஊத்தி அமத்துவேன். அப்பொறந்தான் வரணும். ஒரு கங்கு போதும் சார், காடே போயிரும்."

"ரொம்ப சரி" என்றேன். அவருடைய சட்டத்தை நான் முழுதாகக் கேட்டிருக்க வேண்டும்.

பத்த வைத்ததிலிருந்து பூ விரிய ஏழு எண்ணிக்கை என்று மாடசாமி சொன்னார். நான் ரிமோட்டில் ஏழு வைத்தேன். "ஸ்டார்ட்!" என்று கத்தினேன். அவர் பத்த வைத்துவிட்டு ஓடி வந்தார். எல்லோரும் தூரத்தில் போய் நின்றோம்.

விர்ரென்று போனது. சிவப்பு விரிந்தது. உள்ளேயிருந்து வெள்ளி. ஐயோ, என்ன அழகு! அண்ணாச்சி தன் சரக்கைப் பார்த்துத் தானே கை தட்டினார்.

கேமராவிலிருந்து சத்தமே இல்லை.

"எடுத்துருச்சா?" என்றாள் செண்பகம்.

"சத்தமில்லாம எடுத்திருக்கும்" என்றேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

ஐந்து நிமிஷம் ஆனது. மாடசாமி டார்ச்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வாளியோடு சுற்று வரக் கிளம்பினார். அங்கங்கே ஒரு பொட்டுச் சிவப்பு தெரிந்தால் தண்ணீரைத் தெளித்தார். காலால் மிதித்துப் பார்த்தார். அடுத்ததற்குப் போனார். சுற்றி முடித்துக் கேமராப் பக்கம் வந்தவர், சட்டென்று நின்றார்.

ரிமோட்டில் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

நான் "மாடசாமி, அது..." என்று வாயைத் திறப்பதற்குள் அவர், கழுத்து டார்ச் முகத்தில் அடிக்க, கேமராவின் கண்ணுக்கு நேராகக் குனிந்து, மிச்சமிருந்த தண்ணீர் முழுவதையும் அதன் மேல் சாய்த்துவிட்டார். அதே நொடியில்தான் கேமரா 'க்ளிக்' என்றது.

ஆமாம். ஏழு விநாடி என்று வைப்பதற்குப் பதிலாக நான் ஏழு நிமிஷம் என்று வைத்திருந்தேன்.

எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன். "யோவ், கண்ணு தெரியலையா? சிங்கப்பூர்ல இருந்து வந்த சாமான்யா அது!"

மாடசாமி வாளியைக் கீழே வைத்தார். "வயரு தொங்குது. நுனியில செவப்பா மினுங்குது. எங்க ஊருல அதுக்கு என்ன சார் அர்த்தம்?"

நுனி மினுங்கும் வயர் என்றால் அவருக்குத் திரி; திரி என்றால் உயிர் போகிற விஷயம். நான் அதை ஓர் ஆளில்லாத பொட்டலில் மினுங்கவிட்டு வந்திருக்கிறேன்.

செண்பகம்தான் பேசினாள். "அவுக மேல எதுக்குச் சத்தம் போடுறீக? அவுக வேலைய அவுக ஒளுங்காப் பாத்தாக." நான் என் வேலையை எப்படிப் பார்த்தேன் என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லாமலே கேட்டது.

கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரிமோட் செத்துவிட்டது. மூன்று வெடியில் ஒன்று காலி. திரும்பி வரும்போது காரில் அவள் மடியில் கையோடு கையைக் கோத்து அமுக்கிப் பிடித்தபடி வந்தாள்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது அவள் மொட்டை மாடியில் இருந்தாள். வாட்ச் கடை ஸ்க்ரூ டிரைவரை எங்கிருந்தோ வாங்கி வந்து, ரிமோட்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, ஒரு வெள்ளைத் துணியில் பரப்பியிருந்தாள். அவ்வளவு சின்ன ஸ்க்ரூவை அந்தக் கையால் எப்படிக் கழற்றினாள்? நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்குக் கால் டம்ளர் காபிதான்.

மழை எங்களை எட்டிப் பார்ப்பதில்லை என்று எத்தனை தடவை இந்தப் பத்தியில் புலம்பியிருக்கிறேன்! எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வத்தலும் வெடியும் காய வைக்கிற வெயில், சிங்கப்பூர் ரிமோட்டையும் காய வைத்தது. சாயங்காலம் பூட்டி, பேட்டரி போட்டோம். சிவப்பு விளக்கு எரிந்தது!

அவள் செய்த முதல் காரியம், அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டியது. இரண்டாவது காரியம், மேனுவலைப் பீரோவில் வைத்துப் பூட்டியது.

மூன்றாம் நாள் அந்தி. அதே பொட்டல், அதே ஆட்கள், இரண்டு வெடி. "டைமர் கிய்மர் ஒண்ணும் வேணாம். நானே பட்டன அமுக்குறேன். மாடசாமி, நீங்க சத்தமா எண்ணுங்க. ஆறுக்குத் தொறக்கேன்" என்றாள்.

மாடசாமி பத்த வைத்தார். ஓடி வந்துகொண்டே எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

ஆறில் அவள் வலது கை ரிமோட்டை அமுக்கியது. பூ விரிந்தது. ஐந்து நிமிஷம் காத்திருந்து, மாடசாமி ஒரு சுற்று வந்த பிறகு, கேமராவின் சின்னத் திரையில் பார்த்தோம். பூவா அது? குழந்தை கிறுக்கிய மாதிரி ஒரே கோணல் கோடு.

அண்ணாச்சி செல்போனைக் கையில் எடுத்தார். மதுரைக்குத்தான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

செண்பகம் கேமராவை விட்டு நகரவேயில்லை. "இது என்னால ஆகாது அண்ணாச்சி..." என்று ஆரம்பித்தாள்.

அப்போது மாடசாமி, அதிகம் பேசாத மாடசாமி, குறுக்கே வந்தார்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லவா? வயருல பட்டன அமுக்குனீக, சரி. அந்த எடது கை எதுக்குக் கேமராவப் பிடிச்சுக்கிட்டே நிக்கி?"

நாங்கள் எல்லோரும் பார்த்தோம். உண்மைதான். இப்போதும் அவளுடைய இடது கை லென்ஸைத் தாங்கிப் பிடித்திருந்தது. முப்பது வருஷப் பழக்கம். வலது கையின் நடுக்கம் உடம்பு வழியாக இடது கைக்கு வந்து, அங்கிருந்து கேமராவுக்குப் போயிருக்கிறது. பக்கத்திலேயே நின்ற எனக்கு, இரண்டு மணி நேரம் மேனுவல் படித்த எனக்கு, அது தெரியவில்லை.

"நாங்க பத்த வெச்சுட்டுப் பக்கத்துலயா நிக்கோம்? அதுபாட்டுக்குப் போயி விரியும்னு தள்ளி வந்துருதோம்ல? நீங்களும் தள்ளி வாங்கக்கா."

சொல்லிவிட்டு, மிச்சத் தண்ணீரைக் கீழே கொட்டி, வாளியைக் கவிழ்த்து, வயர் எட்டுகிற தூரத்தில் போட்டார். மண் நனைந்த வாசனை வந்தது. "இங்கன உக்காருங்க" என்றார். பிறகு அண்ணாச்சியின் காரிலிருந்த தண்ணீர்க் கேனை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார். சட்டம் சட்டம்தான்.

செண்பகம் வாளி மேல் உட்கார்ந்தாள். கேமரா மூன்றடிக்கு அப்பால் தனியாக நின்றது. இடது கையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். இந்தக் கதையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

கடைசி வெடி.

"ஒண்ணு... ரெண்டு..." மாடசாமியின் குரல் பொட்டல் முழுக்கக் கேட்டது. "மூணு... நாலு..." அவள் வலது கை நடுங்கியது. நன்றாகவே நடுங்கியது. கையோடு ரிமோட் நடுங்கியது. ரிமோட்டோடு தொங்கிய வயரும் நடுங்கியது. "அஞ்சு..." நான் கேமராவைப் பார்த்தேன். அது அப்படியே நின்றது. "ஆறு!"

க்ளிக். லாக்.

சிவப்பு விரிந்தது. வெள்ளி விரிந்தது. கடைசிப் பொறி அணையும்வரை விட்டு, அவள் கட்டைவிரலை நகர்த்தி மூடினாள்.

அந்த ஐந்து நிமிஷமும் யாரும் நகரவில்லை. அண்ணாச்சி செல்போனைப் பாக்கெட்டில் போடவும் இல்லை, பேசவும் இல்லை. மாடசாமி நிதானமாகச் சுற்றி வந்து, "ம், போங்க" என்றதும் நான்கு பேரும் அந்தச் சின்னத் திரைக்கு முன்னால் தலையோடு தலை முட்டினோம்.

ஒவ்வொரு இதழும் தனித்தனியாக. ஒவ்வொரு கோடும் நூல் பிடித்த மாதிரி.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, கேமராவைக் கழற்ற முடியாமல் ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அவள் கையைப் பார்த்தார். அவள் அதை முந்தானைக்குள் இழுக்கப் போனாள்.

"இருக்கட்டும் தாயீ" என்றார். "கைதான நடுங்குது, படம் நடுங்கலயே! ஏலே மாடசாமி, அக்காவுக்கு அதக் களட்டிக் குடு."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான். மாடசாமி மட்டும் ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டே, "அக்கா, மொத நாளு தண்ணி ஊத்துனப்ப ஒரு சத்தம் கேட்டுச்சே... அதுல நான் விளுந்துருக்கேனா?" என்று கேட்டார்.

விழுந்திருந்தார். முழுசாக, வாளியோடு. கேமரா எடுத்துவைத்திருந்த அந்தப் படத்தை அவருக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்தாயிற்று. வீட்டில் டிவிக்கு மேல் மாட்டியிருக்கிறாராம்.

இரட்டைப் பூ லேபிள் அச்சாகி வந்துவிட்டது. ஜெய்ப்பூர் ஆர்டர் உறுதி. 'நெசப் படம்' கேட்டு விஸ்வநத்தத்திலிருந்தும் எம். புதுப்பட்டியிலிருந்தும் இரண்டு கம்பெனிக்காரர்கள் வந்து போய்விட்டார்கள். செண்பகம் எல்லோரிடமும் முதலிலேயே கையை நீட்டிக் காட்டிவிடுகிறாள். "இப்பிடித்தான் இருக்கும். படத்தப் பாத்துட்டுப் பேசுங்க" என்கிறாள்.

நேற்றுக் காலை, இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்திருந்தேன். காபி வந்தது. டம்ளர் விளிம்புவரை நிறைய.

கொஞ்சம் என் சட்டையிலும்!